காப்புக் கட்டின பட்டாளம்

எங்க தோட்டத்துல ஒரு பட்டாளம் இருந்துச்சு. அஞ்சே பேரு. துப்பாக்கி கிடையாது, காலுக்குச் சப்பாத்து கிடையாது, அதைப் பட்டாளம்னு ஒத்துக்க எந்த ராஜாங்கமும் கிடையாது. அதுல ஒருத்தரு எங்க வீட்டுக்காரரு. இன்னைக்கு யாருகிட்டயாச்சும் சொன்னா சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். நானும் அப்ப சிரிச்சவதான், வயித்தெரிச்சலோட சிரிச்சவ.

சிலோன் மலைநாட்டுல, கந்தப்பளையில இருந்து உடப்புசல்லாவைக்குப் போற ரோட்டுல மேல ஏறுனா எங்க தேயிலைத் தோட்டம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையில சண்டை மூண்ட வருசம் அது. எனக்குக் கல்யாணமாகி வருசம் திரும்பல, வயித்துல பிள்ளை. மலையில கொழுந்து பறிக்கிற எங்களுக்குச் சீனா எங்க இருக்கு, அந்த எல்லை எங்க இருக்குன்னு என்னா தெரியும்? ஒரு ஞாயித்துக்கெழமை கார்ல ஒரு பெரிய மனுசன் வந்து எறங்குனாரு. வெள்ளை வேட்டி, தோள்ல சால்வை. கோயிலுக்கு முன்னால எல்லாரையும் கூட்டி வெச்சு, இந்தியாவோட யுத்தத்துக்கு ஒதவி கேட்டுப் பேசுனாரு. தாய்நாட்டுக்கு ஆபத்துன்னாரு. நீங்கெல்லாம் அந்த மண்ணு பெத்த பிள்ளைங்கன்னாரு. பேச்சுன்னா அப்பிடி ஒரு பேச்சு. கேட்டுக்கிட்டு இருந்த பொம்பளைங்க அழுதுக்கிட்டே தோட்டைக் கழட்டிக் குடுத்தாளுங்க, மூக்குத்தியைக் கழட்டிக் குடுத்தாளுங்க. எனக்குக் கழட்டிக் குடுக்க ஒன்னும் இல்ல. புருசனைக் குடுத்தேன்.

நான் எங்க குடுத்தேன், அவராவே எந்திரிச்சு நின்னுட்டாரு. "ஐயா, எங்ககிட்ட நகை நட்டு இல்லீங்க. நாங்க வர்றோம். எங்களைச் சண்டைக்கு அனுப்பி வைங்க"ன்னாரு. அவரைப் பாத்துட்டு இன்னும் நாலு எளவட்டம் எந்திரிச்சு நின்னானுங்க. அந்தப் பெரிய மனுசன் அந்தக் குளிர்லயும் சால்வையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு, "ரொம்ப சந்தோசம் தம்பிகளா, சொல்லி அனுப்புறோம்"ன்னாரு. பொறவு காரு போயிருச்சு.

சொல்லி அனுப்புறாங்களாம்! பொண்ணு பாக்க வந்தவன் டீயைக் குடிச்சிட்டு, போயிச் சொல்லி அனுப்புறோம்னு எந்திரிச்சா அதுக்கு என்னா அர்த்தம்னு நாங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல மூக்கு ஒழுகுற பிள்ளைக்குக் கூடத் தெரியும். அன்னைக்கு மட்டும் ஒருத்தருக்கும் ஒறைக்கல. தாய்நாடு அப்பிடியெல்லாம் பேசுமான்னு நெனச்சிட்டாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு ஏன் இந்தக் கிறுக்குன்னா, அதுக்கு ஒரு கதை இருக்கு. கல்யாணத்துக்கு முன்னால அவரு சிலோன் பட்டாளத்துல சேரப் போயிருக்காரு. நல்ல ஒசரம், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இறுகுன ஒடம்பு. அங்க இருந்தவன் ஏற எறங்கப் பாத்துட்டு, "பிரஜாவுரிமை இருக்கா?"ன்னு கேட்டானாம். எங்க அப்பன் பாட்டன் எல்லாம் இந்த மண்ணுலதான் செத்தாங்க, ஆனா சட்டம் போட்டு எங்களை எந்த நாட்டுக்கும் ஒறவில்லாதவங்களா ஆக்கி வெச்சிருந்தாங்க. இல்லைன்னு இவரு சொன்னதும், "அப்ப ஒங்க நாட்டுப் பட்டாளத்துல போய்ச் சேரு"ன்னு வெரட்டிட்டானாம். அது அவரு நெஞ்சுல முள்ளா தச்சுக் கெடந்துச்சு. ஏதாச்சும் ஒரு நாடு, எதுவா இருந்தாலும் சரி, நீ நம்ம ஆளு, வாடான்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்னுதான். "செத்தாலும் ஒரு நாட்டுக்காரனா சாகணும் புள்ள"ம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "வயித்துல இருக்கிறதுக்கு அப்பன் வேணுமே, அதைப் பத்தி ஒங்க நாடு என்னா சொல்லுது?"ன்னு கேப்பேன்.

அடுத்த வெள்ளிக்கெழமை மாரியம்மன் கோயில்ல அஞ்சு பேருக்கும் காப்புக் கட்டுனாங்க. சண்டைக்குப் போறவனுக்குக் காப்புக் கட்டுறது எங்கயும் இல்லாத வழக்கம். ஆனா ஒருத்தனைப் பெரிய காரியத்துக்கு அனுப்பி வைக்க எங்களுக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான். மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்டை முடிஞ்சு வலது கையில கட்டிட்டா அவன் சாமிக்கு நேந்துக்கிட்டவன். கவுச்சி தொடக்கூடாது, பொண்டாட்டிகிட்ட போகக்கூடாது, எழவு வீட்டையும் பிள்ளை பெத்த வீட்டையும் மிதிக்கக்கூடாது. திருவிழா முடிஞ்சு காப்பை அவுக்கிற வரைக்கும் ஊரு எல்லையைத் தாண்டவும் கூடாது. "எல்லையைத் தாண்டாம எப்பிடிச் சண்டைக்குப் போறது?"ன்னு கூட்டத்துல யாரோ கேட்டாங்க. பூசாரி தலையைச் சொறிஞ்சாரு. பொறவு அவரே சட்டத்தை மாத்திட்டாரு. எல்லை தாண்டலாம், வீட்டு வாசப்படிதான் தாண்டக்கூடாது. பட்டாளத்து உடுப்புப் போடுற அன்னைக்குக் காப்பை அவுத்துத் தண்ணியில விடணும். அம்மன் ஒத்துக்கிட்டாளோ என்னவோ, தோட்டம் ஒத்துக்கிச்சு. தேங்கா ஒடைச்சு, மாலை போட்டு, மேளதாளத்தோட வழியனுப்பி வெச்சாங்க. எங்கன்னு கேளுங்க. லயத்துக்குக் கீழ இருந்த பழைய பிள்ளைக்காம்பராவுக்கு.

பிள்ளைக்காம்பரான்னா நாங்க மலைக்குப் போறப்ப கைப்பிள்ளைங்களை விட்டுட்டுப் போற கட்டடம். புதுசு ஒன்னு கட்டுனதுனால பழசு சும்மா கெடந்துச்சு. விட்டத்துல தொட்டில் கொக்கி வரிசையாத் தொங்கும். அதுக்குக் கீழ சாக்கை விரிச்சு, கம்பளியைப் போத்திக்கிட்டு, இந்தியப் பட்டாளம் படுத்துக் கெடந்துச்சு. நாங்க குடியிருந்த லயத்துக் காம்பராவுல இருந்து கூப்பிட்டா கேக்குற தூரம்.

விடியக்காலையில தப்பு அடிச்சதும் எல்லாரும் பெரட்டுக் களத்துல போய் நிக்கணும், அங்கதான் அன்னைக்கு யாருக்கு எந்த வேலைன்னு பிரிப்பாங்க. இவங்க அஞ்சு பேரும் எல்லாரோடயும் நிக்க மாட்டாங்க, தனியா ஒரு வரிசை. வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயா, "என்னா தொரைமாரே, இன்னைக்குக் கவ்வாத்து வெட்டுறீங்களா, இல்ல சீனாவுக்குத்தான் போறீங்களா?"ம்பாரு. களமே சிரிக்கும். இவங்க மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கிட்டு, கவ்வாத்துக் கத்தியைத் துப்பாக்கி மாதிரி தோள்ல சாத்திக்கிட்டு மலைக்கு நடப்பாங்க. எனக்கு மானம் போகும். பின்னால வர்ற பொண்டுங்க "ஒன் புருசன் கால் வைக்கிறதைப் பாருடி"ன்னு இடிச்சுக் காட்டுவாளுங்க.

மத்தியானம் வேலை முடிஞ்சா டிரில். சொல்லிக் குடுத்தவன் யாரு தெரியுமா? அஞ்சு பேருல ஒருத்தன், தியத்தலாவை பட்டாளத்துக் கேம்புல, சமையல் குசினியில கொஞ்ச காலம் கோப்பை கழுவுனவன். குசினி ஜன்னல் வழியா பட்டாளம் நடந்து போறதைப் பாத்திருக்கான், அவ்வளவுதான் அவன் படிப்பு. அட்டேன்ஷன் தெரியும், குவிக் மார்ச் தெரியும், ஹால்ட் தெரியும். பின்னால எப்பிடித் திரும்புறதுன்னு மட்டும் தெரியாது. பட்டாளம் திரும்புற எடத்தை ஒரு சுவரு மறைச்சிருச்சாம். அதனால இவங்க களத்தோட இந்தப் பக்கத்துல இருந்து தண்ணி ஓடுற கான் ஓரம் வரைக்கும் லெப்ட் ரைட்டுன்னு நடந்து போயி நிப்பாங்க. அங்கன கலைஞ்சு, சந்தைக்குப் போயிட்டு வர்றவங்க மாதிரி பேசிக்கிட்டே நடந்து வந்து, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. சாயங்காலம் வரைக்கும் இதே கூத்து. மழை பெஞ்சாலும் விட மாட்டாங்க. அட்டை ஏறி கால்ல ரத்தம் வழியும், சீனாக்காரன் சுட்ட மாதிரி அதைத் தொடச்சுக்கிட்டு நிப்பாங்க.

ராத்திரிச் சாப்பாடு நான்தான் கொண்டுக்கிட்டுப் போவேன். ரொட்டி, தேங்காச் சம்பல், இல்லாட்டி பருப்பும் கீரையும். கருவாடு இல்லாம எங்க ஆளுங்க தொண்டையில சோறு எறங்காது, ஆனா காப்பு இருக்கே. வாசப்படிக்கு வெளிய சட்டியை வெச்சிட்டு நான் தள்ளி நிப்பேன், அவரு வந்து எடுத்துக்குவாரு. கை பட்டுறக் கூடாதாம். கட்டின பொண்டாட்டியை ஒதுக்கி வெச்ச மாதிரி எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வரும். "பிள்ளை ஒதைக்குது, தொட்டுப் பாக்குறீங்களா?"ன்னு ஒரு நாளு கேட்டேன். கை நீளுச்சு. அந்த மஞ்சக் கயிறு கண்ணுல பட்டதும் கையை இழுத்துக்கிட்டாரு. அந்தக் கயித்தை அன்னைக்கே பல்லால கடிச்சு அத்துப் போட்டிருக்கணும் நானு.

அஞ்சு பேரும் ஆளுக்கொரு மூட்டை கட்டி சுவரோரமா வெச்சிருந்தாங்க. ஒரு நல்ல சட்டை, துண்டு, சீப்பு, அம்மன் கோயில் விபூதி. கூப்பிட்ட ஒடனே கெளம்பணுமே. கீழ ரோட்டுல ஏதாவது வண்டி மொனகுனா போதும், அஞ்சு தலையும் ஒரே பக்கம் திரும்பும். மரக்கறி லொறியா இருக்கும். தேயிலைப் பெட்டி ஏத்த வந்த லொறியா இருக்கும். நல்ல சட்டையைப் போட்டுக் கசக்கிறக் கூடாதுன்னு மூட்டையை அவுக்கவே மாட்டாங்க. அந்த ஈரத்துல உள்ளுக்குள்ளயே சட்டை பூஞ்சணம் பூத்துப் போச்சு. அதைக் கழுவி அடுப்பு மேல காய வெச்சுக் குடுத்தது யாரு? நான்தான்.

சண்டைச் சேதி எல்லாம் பெரிய கிளாக்கர் ஐயா வீட்டு ரேடியோவுலதான். அவரு யாழ்ப்பாணத்துக்காரரு, ஜன்னலைத் தொறந்து விட்டாருன்னா வெளிய நின்னு கேக்கலாம். ஒரு நாளு அவரே வாசலுக்கு வந்து சொன்னாரு: "சண்டை முடிஞ்சுதாம் தம்பியவை. சீனாக்காரன் தானா நிப்பாட்டிப் போட்டானாம். இனி வீட்டை போங்கோவன்."

எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அப்பாடா, இன்னைக்கு ராத்திரி மனுசன் வீடு வந்து சேருவாருன்னு நெத்திலிக் கருவாட்டைக் கொழம்பு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. நானே எறங்கிப் போனேன். "காப்பு அவுக்கலையே"ன்னாரு. பூசாரியைக் கேட்டா, உடுப்புப் போடுற அன்னைக்குத்தான் அவுக்குறதுன்னு அம்மன்கிட்ட சொல்லிக் கட்டியாச்சு, நான் எப்பிடி மாத்துறதுன்னு கையை விரிச்சாரு. அன்னைக்கு எல்லையை மாத்தத் தெரிஞ்சுச்சே, இன்னைக்கு மட்டும் என்னா கேடுன்னு நான் கேட்டேன். குசினிக்காரன் வேற, "சண்டை நிக்கிறப்பதான் அடுத்த சண்டைக்கு ஆள் சேப்பாங்க, எனக்குத் தெரியும்"னு ஏத்தி விட்டான். கோப்பை கழுவுனவனுக்குத் தெரியாததா!

அந்த மார்கழிக் குளிர்ல என் மகன் பொறந்தான். அப்பன்காரன் கூப்பிடு தூரத்துல இருந்தும் வரல. பிள்ளை பெத்த வீடு தீட்டாச்சே, காப்புக் கட்டுனவரு மிதிக்கலாமா? தண்ணி பிடிக்கிற பீலிக்கிட்ட நின்னுக்கிட்டு, "என்னா பிள்ளை?"ன்னு சத்தம் போட்டுக் கேட்டாரு. என் மாமியா வெளிய போயி, "ஆம்பளைப் பிள்ளைடா"ன்னா. அவரு பீலித் தண்ணியில மூஞ்சியைக் கழுவிக்கிட்டு எறங்கிப் போயிட்டாராம். நான் உள்ள படுத்துக் கெடந்து, இந்தப் பிள்ளைக்கு அப்பன் மூஞ்சி எப்பத் தெரியுமோ ஆத்தான்னு அழுதேன்.

பிள்ளைக்கு இன்னும் பேர் கூட வைக்கல, அப்பத்தான் ஜீப்பு வந்துச்சு. டிரில் நடந்துக்கிட்டு இருந்த நேரம். மரக்கறி லொறி இல்ல, தேயிலை லொறி இல்ல, நெசமாவே ஜீப்பு. காக்கி உடுப்பு, பெல்ட்டு, சப்பாத்து. பொலிஸுதான்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா குசினிக்காரன், "பொலிஸை வெச்சுத்தான்டா கூட்டிக்கிட்டுப் போவாங்க, அதான் மொறை"ன்னு கத்துனானாம். அவ்வளவுதான். ஓடிப் போயி மூட்டையைத் தூக்கிக்கிட்டு, நல்ல சட்டையை மாட்டிக்கிட்டு, அஞ்சு பேரும் ஜீப்புக்கு முன்னால வரிசையா நின்னு சலூட் அடிச்சாங்களாம். ஏறுங்கன்னு பொலிஸ்காரன் சிங்களத்துல சொன்னதும் சந்தோசமா ஏறியிருக்காங்க. பொம்பளைங்க குலவை போட்டாளுங்க. யாரோ ஓடிப் போயி கோயில் மணியை அடிச்சாங்க. நான் காம்பராவுக்குள்ள பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே அந்தக் குலவையைக் கேட்டேன். போயிட்டாரு, பிள்ளையைப் பாக்காமலே போயிட்டாருன்னு நெஞ்சு வெடிச்சிருச்சு. ஆனா பாருங்க, அழுகைக்கு நடுவுல, கூப்பிட்டுட்டாங்கடா ஒங்கப்பனைன்னு பிள்ளை காதுல சொன்னேன். அவரு கேட்டது கெடைச்சிருச்சேன்னு எனக்கும் ஒரு பக்கம் குளுந்துச்சு.

என்னா நடந்துச்சுன்னு பொறவுதான் தெரிஞ்சுச்சு. தோட்டத்துக்குள்ள இந்தியாக்காரன் பட்டாளம் பழகுறான்னு எவனோ பொலிஸுக்குச் சொல்லியிருக்கான். ஸ்டேசன்ல எறக்கி, பிடிச்சு அடைச்சு வெச்சதும்தான் இவங்களுக்கே வெளங்கியிருக்கு. இன்ஸ்பெக்டரு எங்கெங்கயோ போன் பேசுனாராம். இந்தியாக்காரன்னா நாடு கடத்தணும். அங்க கேட்டா, அவங்க எங்க பிரஜை இல்லைன்னுட்டாங்களாம். சிலோன்காரன்னா இங்க வழக்குப் போடணும். இங்கயும் இவங்க பிரஜை இல்ல. எதுல சேத்தி உள்ள தள்ளுறதுன்னு அவருக்குப் பிடிபடல. அப்பத்தான் கையில இருந்த கயித்தைப் பாத்திருக்காரு. "மே மொனவாத?"ன்னாராம். இது என்னாதுன்னு. அஞ்சு பேரு கையிலயும் ஒரே மாதிரி இருக்கவும், ரகசியக் கூட்டத்து அடையாளம்னு நெனச்சிட்டாரு. மேசையில கெடந்த கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொருத்தன் கையா வெட்டிக் குப்பைக் கூடையில போட்டாரு. சாமி காப்புங்க ஐயான்னு எங்க வீட்டுக்காரரு கையை எடுத்துக் கும்பிட்டாராம். கும்பிட்ட கையைப் பிடிச்சு வெட்டுனாராம்.

அப்புறம் அங்க இருந்த சார்ஜண்டுக்கு ஒரு ஆசை. இந்தப் பட்டாளம் எப்பிடி நடக்குதுன்னு பாக்கணுமாம். ஸ்டேசன் முத்தத்துல நடக்க விட்டான். சுவரு வரைக்கும் போயி நின்னுட்டாங்க. திரும்பத் தெரியல. பொலிஸு பூரா விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. அந்தச் சார்ஜண்டுதான் அவங்களுக்கு அபவுட் டேர்ன் சொல்லிக் குடுத்தான். காலை எப்பிடி வைக்கணும், எப்பிடிச் சுத்தணும்னு நல்லாவே பழக்கிட்டு, அப்பிடியே வாசல் பக்கம் திருப்பி, குவிக் மார்ச்சுன்னு ரோட்டுல விட்டுட்டான்.

மறுநாளு அந்தி மசங்குற நேரத்துல எங்க காம்பரா வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. தொப்பலா நனைஞ்சு, கையில மூட்டையோட அவரு. எனக்குப் பேயைப் பாத்த மாதிரி ஆயிருச்சு. "உள்ள வரலாமா?"ன்னாரு. அவரு வீட்டுக்குள்ள வர என்கிட்ட கேக்குறாரு!

"காப்பு?"ன்னேன்.

கையை நீட்டுனாரு. கயிறு இருந்த எடத்துல வட்டமா மஞ்சக் கறை, அவ்வளவுதான். "அவுக்கல. வெட்டிட்டாங்க"ன்னாரு.

எனக்கு வந்த ஆத்திரத்துல, "வாங்க உள்ள. ஒங்களுக்கு ஆரத்தி எடுத்தாத்தான் வருவீங்களோ? தீட்டாவது மண்ணாவது, வாங்க"ன்னு கத்துனேன். வந்தாரு. பிள்ளைக்கிட்ட உக்காந்தாரு. தூக்கல. "இவன் எந்த ஊருக்காரன்னு கேட்டா என்னா சொல்லுவ?"ன்னு கேட்டாரு. பொங்கிப் பொங்கி அழுதாரு மனுசன். அடுப்புல கெடந்த முந்தின நாள் கருவாட்டுக் கொழம்பைச் சுட வெச்சு முன்னால வெச்சேன். தின்னாரு.

அதுக்கப்புறம் அவரு பெரட்டுல எல்லாரோடயும் சேந்து கடைசியில நின்னாரு. கண்டாக்கு ஐயா கூட நக்கல் அடிக்கிறதை விட்டுட்டாரு. ரெண்டு வருசம் கழிச்சு அதே ரேடியோவுல சேதி வந்துச்சு. ரெண்டு நாட்டுப் பிரதமருங்களும் உக்காந்து பேசி எங்களைப் பிரிச்சிட்டாங்களாம். இத்தனை பேரு அங்க, இத்தனை பேரு இங்க, மிச்சம் இருக்கிறவங்களைப் பத்திப் பொறவு பேசிக்கலாமாம். ஆட்டுக்கறியைக் கூறு போடுறவன் கூட ஆட்டை ஒரு தரம் மூஞ்சி பாத்துத்தான் அறுப்பான். எங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. குசினிக்காரன் மட்டும், "பாத்தியா, இப்பக் கூப்பிட்டுட்டாங்க"ன்னு சிரிச்சான். சிரிச்சவன் மூஞ்சியைப் பாக்க முடியல. எங்க வீட்டுக்காரரு ரேடியோ முடியுற வரைக்கும் நின்னு கேட்டுட்டு, வீட்டுக்கு வந்து படுத்துட்டாரு.

அடுத்த மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. தோட்டமே கோயில் முன்னால நின்னுச்சு. அவரு மகனை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு வரிசையில நின்னாரு, நான் பின்னால நின்னேன். பூசாரி மஞ்சக் கயித்தோட ஒவ்வொருத்தரா வந்துக்கிட்டே இவருக்கிட்ட வந்தாரு. "கையை நீட்டுப்பா"ன்னாரு. இவரு நீட்டல.

"வேணாம் பூசாரி. கட்டுறதுக்கு நீங்க இருக்கீங்க. எங்களுக்கு அவுக்கிறதுக்கு யாரு இருக்கா?"

சரி, பிள்ளைக்காச்சும் கட்டுறேன்னு பூசாரி மகனோட கையைப் பிடிக்கப் போனாரு. அவன் வெவரம் தெரியாம சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிட்டான். அந்தப் பிஞ்சுக் கையைப் பிடிச்சு, எங்க வீட்டுக்காரரு தன் சட்டைக்குள்ள விட்டு மறைச்சுக்கிட்டாரு.